பாலியம் பள்ளத்தாக்கில்: நெற்றியில் தொங்கும் சுமை

செவ்வாய், வாமெனா

ஜெயபுரா நகரை ஒட்டிய செந்தானியில் ஏறிய விமானம் முக்கால் மணி நேரம் காட்டுக்கு மேலேயே பறந்தது. கீழே ஒரு பாதையோ கூரையோ கண்ணில் படவில்லை. பிறகு மலைகள் இரண்டு பக்கமும் விலக, நடுவில் ஆறு வளைந்து ஓடும் அகலமான சமவெளி, கட்டம் கட்டமாகத் தோட்டங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி வாய்க்கால். இந்தோனேசியப் பப்புவாவின் நடு மலைநாட்டில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாலியம் பள்ளத்தாக்கு இதுதான். டானி மக்களின் நாடு.

இறங்கியதும் முதலில் பார்த்தது சரக்கு விமானங்களை. அரிசி மூட்டை, சிமெண்ட் மூட்டை, நூடுல்ஸ் பெட்டி, எரிபொருள் பீப்பாய் எல்லாம் வானத்திலிருந்துதான் இறங்குகின்றன. கடற்கரையிலிருந்து மலைகளைக் குடைந்து போட்டுவரும் டிரான்ஸ்-பப்புவா சாலையை நம்பி இன்னும் யாரும் கடை நடத்த முடியாது. அதனால் கடையில் எதைத் தொட்டாலும் அதன் விலையில் விமானக் கட்டணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2022 இல் மலைநாட்டைத் தனி மாகாணமாகப் பிரித்து வாமெனாவைத் தலைநகராக்கினார்கள். அலுவலகங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

மதியம் ஜிபாமா சந்தை. கூரைக்குக் கீழே உள்ள கடைகள் பெரும்பாலும் சுலவேசியிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்தவர்களுடையவை. டானிப் பெண்கள் வெளியே தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அதன் கீரை, கேரட், பாக்கு எல்லாமே எடை போடாமல் குவியல் கணக்கில் விற்பனை. பாக்குடன் வெற்றிலைக் கொடியின் காயையும் சுண்ணாம்பையும் சேர்த்து மெல்லுகிறார்கள்.

காவல் நிலையத்தில் பயண அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டோம். வெளிநாட்டவர் இது இல்லாமல் மலைக் கிராமங்களுக்குள் போகக் கூடாது. எந்தப் பக்கம் இப்போது போகலாம், எந்தப் பக்கம் கூடாது என்பதை வழிகாட்டியிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். இந்தோனேசிய ராணுவமும் பப்புவா விடுதலைப் போராளிகளும் மோதிக்கொள்ளும் பகுதிகள் இங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை. என் வழிகாட்டி டானி இளைஞர், ஜெயபுராவில் கல்லூரிப் படிப்பு முடித்தவர். போகப்போவது அவருடைய அம்மா வழிச் சொந்த ஊருக்கு. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே கேட்கப்போவதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம்.

புதன், தெற்கே

வாமெனாவிலிருந்து தெற்கே போகும் சாலை யெட்னி ஆற்றில் முடிந்துவிடுகிறது. ஆறு சாலையை அடித்துக்கொண்டு போன இடத்தில் பாறைகளும் இரண்டு மரத்துண்டுகளும் கிடக்கின்றன. வண்டியிலிருந்து இறங்கியவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் மேல் நடந்தார்கள். அக்கரையிலிருந்து யாகுகிமோ மாவட்டம். குரிமா வரை சுலபமான நடை. அதற்குப் பிறகு பள்ளத்தாக்கு குறுகி, பாலியம் ஆறு இரைச்சலோடு ஆழத்தில் விழுகிறது. பாதை செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது.

ஏறும் வழியெல்லாம் எங்களைக் கடந்து போனவர்கள் பெண்கள். சந்தையிலிருந்து திரும்புகிறார்கள். நெற்றியில் பட்டை, அதிலிருந்து முதுகில் தொங்கும் நோக்கன் பை. மரப்பட்டை நாரில் முடிச்சுப் போட்டுப் பின்னியது. ஒருவர் முதுகில் மூன்று பைகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கின. அடியில் அரிசி, அதற்கு மேல் சோப்பும் உப்பும் மண்ணெண்ணெயும், எல்லாவற்றுக்கும் மேலே துணி விரித்துத் தூங்கும் குழந்தை. அவர் வெறுங்காலோடு, மூச்சு வாங்காமல், வழிகாட்டியிடம் பேசிக்கொண்டே ஏறினார். எங்கள் சுமைகாரர் அதே பாதையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஓய்வெடுத்தார்.

ஆண்களிடம் "நாயாக்", பெண்களிடம் "லாவுக்" என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொன்னால் நின்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். உடனே விடுவதில்லை. "வா, வா, வா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே கையை வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு இழுத்துக்கொள்ளாதீர்கள்.

இருட்டுவதற்குள் ஊர் வந்துவிட்டது. சரிவில் கல் அடுக்கிக் கட்டிய மதில், அதற்குள் புல் வேய்ந்த வட்டக் குடிசைகள். மதில் ஏறி உள்ளே குதிக்க ஒரு மரப்படி. பன்றி உள்ளே புகாமலிருக்க இந்த ஏற்பாடு.

வியாழன், தோட்டம்

இன்று விடியும்போதே வழிகாட்டியின் பெரியம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன். நான் அவரை அம்மா என்றே கூப்பிடுகிறேன்.

தோட்டத்தைத் தோட்டம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. நிமிர்ந்து நிற்கவே பிடிமானம் தேவைப்படும் சரிவு அது. அங்கே கல் பொறுக்கி வரிசை வரிசையாக அடுக்கி மண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். காட்டை வெட்டுவது, வேலி கட்டுவது, வாய்க்கால் தோண்டுவது ஆண்கள் வேலை. அதன் பிறகு நடுவது, களை எடுப்பது, கிழங்கு தோண்டுவது, சுமப்பது, சமைப்பது, பன்றிக்குப் போடுவது எல்லாம் பெண்கள். ஒரு நிலம் ஒருமுறை தயாராகும், ஆனால் கிழங்கைத் தினமும் தோண்ட வேண்டும். சர்க்கரைவள்ளி தோண்டிய பிறகு இந்த ஈரத்தில் அதிக நாள் தாங்காது, மண்ணுக்குள் விட்டுவைப்பதுதான் பாதுகாப்பு. ஆகவே மழையானாலும் உடம்பு சரியில்லாமல் போனாலும் விடிந்தால் தோட்டம். மிஞ்சிய சின்னக் கிழங்குகள் பன்றிக்கு. பன்றிதான் இவர்களுடைய சேமிப்பு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் சண்டை தீர்த்து வைக்கவும் கைமாறுவது அதுதான்.

அம்மா கூர் சீவிய கழியைக் கொடியின் பக்கவாட்டில் செருகினார். முழுச் செடியையும் பிடுங்கவில்லை. மண்ணை விரலால் தடவிப் பார்த்து, பருத்த கிழங்கை மட்டும் திருகி எடுத்து, மற்றவற்றின் மேல் மண்ணைத் தள்ளி உள்ளங்கையால் தட்டினார். அடுத்த கொடிக்கு நகர்ந்தார். எது குழந்தைக்கு, எது சுடுவதற்கு, எது பன்றிக்கு என்று இலையின் வடிவத்தைப் பார்த்தே பிரித்துவிடுகிறார். எனக்கு எல்லாம் ஒரே பச்சை. ஒரு கொடியைக் காட்டி, தன் அம்மா வீட்டிலிருந்து கல்யாணத்தின்போது கொண்டுவந்த தண்டு என்றார். இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம் யாலி மக்களின் நாட்டிலிருந்து வந்ததாம்.

இந்த மக்களைப் பற்றி எழுதும்போது "கற்கால மனிதர்கள்" என்ற பேச்சை இன்னமும் பயன்படுத்துகிறார்கள். இதே தீவின் கிழக்குப் பாதியில், பப்புவா நியூ கினியின் கூக் சதுப்பு நிலத்தில், சுமார் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேடு கட்டிப் பயிர் செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 2008 இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. உலகில் உழவு தானாகவே தோன்றிய சில இடங்களில் இந்த மலைநாடும் ஒன்று. சர்க்கரைவள்ளி அமெரிக்காவிலிருந்து கை மாறிக் கை மாறி இங்கு வந்து சேர்ந்தது சில நூறு ஆண்டுகளுக்கு முன்புதான். அதுவரை சேம்பும் வள்ளிக்கிழங்கும் விளைந்த மண்ணில் புதிதாக வந்த ஒரு பயிரை எடுத்து, உயரத்துக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று இத்தனை ரகமாகப் பெருக்கியவர்கள் இவர்கள். அம்மாவின் கைக்குள் இருப்பது எந்த வேளாண் கல்லூரிக்கும் குறையாத படிப்பு. இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இறங்கும்போது அவர் பையைத் தூக்கிப் பார்த்தேன். நெற்றியில் மாட்டிய உடனே கழுத்து பின்னால் மடங்கியது. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

வெள்ளி

காலையிலிருந்து மழை. ஹொனாய் என்ற வட்டக் குடிசைக்குள்ளேயே இருந்தோம். பலகைச் சுவர், சன்னல் கிடையாது, குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும். கீழே நடுவில் அடுப்பு, மேலே மூங்கில் பரணில் படுக்கை. ஆண்களுக்கு ஒரு வீடு, பெண்களும் குழந்தைகளும் தனி வீட்டில். இரவுக் குளிருக்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது, கதகதப்பு விடியும் வரை நிற்கிறது. புகையும் நிற்கிறது. கூரையின் உள்பக்கம் கரி பளபளக்கிறது. எல்லாக் குழந்தைகளும் இருமுகிறார்கள்.

கதவோரம் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்து நார் திரித்துக்கொண்டிருந்தார். ஈர நார் இரண்டை தொடையின் மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டுகிறார், அவை ஒரே புரியாகின்றன. ஊசி, அளவுகோல் எதுவும் இல்லை, எல்லாம் விரல் கணக்கு. அந்த விரல்களில் நான்கு பாதியில் நின்றுபோனவை. நெருங்கிய உறவினர் இறந்தால் சிறுமிகளின் விரல் நுனியைத் துண்டிக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அது கைவிடப்பட்டுப் பல காலமாகிவிட்டது. அது யார் யாருடைய சாவுக்கு என்று நான் கேட்கவில்லை. மீதி விரல்களால் அவர் போடும் முடிச்சு ஒன்றுக்கொன்று சிறிதும் பிசகவில்லை.

2012 டிசம்பரில் யுனெஸ்கோ நோக்கனை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இப்போது இளம்பெண்கள் கடையில் வாங்கிய வண்ண நூலில் பின்னுகிறார்கள், நார் உரிக்க யாருக்கும் நேரமில்லை. தேர்தலிலும் இந்தப் பைக்கு வேலை உண்டு. ஊர் கூடிப் பேசி முடிவெடுத்து ஓட்டுச் சீட்டுகளை நோக்கனில் போடும் முறையை இந்தோனேசிய அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 இல் ஏற்றுக்கொண்டது. ஒற்றுமை என்று ஊர்ப் பெரியவர் சொல்கிறார். "எங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிடுகிறார்கள்" என்று வழிகாட்டி சொல்கிறார். இருவரும் ஒரே அடுப்பின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

மாலை பேச்சு பழைய காலத்துக்குத் திரும்பியது. வெளியுலகம் பாலியத்தை வானிலிருந்து பார்த்தது 1938 ஜூனில், அமெரிக்கர் ரிச்சர்ட் ஆர்ச்போல்டின் ஆய்வுக் குழு விமானத்தில் பறந்தபோது. 1945 மே 13 அன்று அமெரிக்க ராணுவ விமானமொன்று மலையில் மோதியது. அதிலிருந்த 24 பேரில் மூன்று பேர் பிழைத்தார்கள், ஒன்றரை மாதம் கழித்து கிளைடர் இறக்கி அவர்களை மீட்டுப் போனார்கள். 1954 இல் பாதிரிமார் மிதவை விமானத்தில் ஆற்றில் வந்து இறங்கினார்கள். 1956 இல் டச்சுக்காரர்கள் வாமெனாவில் அலுவலகம் போட்டார்கள், 1963 இல் இந்தோனேசியா வந்தது. இந்தோனேசியாவோடு இருப்பதா வேண்டாமா என்ற 1969 வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரை மட்டும் கூட்டி, பப்புவா முழுவதற்குமான முடிவு எடுக்கப்பட்டது. இந்த வரிசையைப் பெரியவர் சொல்லும் முறை வேறு. எஃகுக் கோடரி வந்த வருடம், முதல் உப்புப் பொட்டலம் வந்த வருடம், ஆண்கள் ஆண்குறியை மறைக்க அணியும் சுரைக்காய் உறையான கொட்டேக்காவைக் கழற்றச் சொல்லி அதிகாரிகள் கால்சட்டை கொடுத்த வருடம். கால்சட்டை கொடுத்தவர்கள் சோப்புக் கொடுக்கவில்லை, மாற்றுத் துணி கொடுக்கவில்லை, தோலில் சொறி வந்தது என்றார். 1969 பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

சனி

பள்ளிக்கூடம் பார்த்தேன். தகரக் கூரை, மூன்று அறைகள், கதவில் பூட்டு. கரும்பலகையில் பழைய தேதி சன்னல் வழியே தெரிந்தது. ஆசிரியர்கள் வாமெனாவில் இருக்கிறார்கள் என்றார்கள். குடும்பத்தோடு இங்கே தங்க வீடு இல்லை, சம்பளம் வாங்க நகரத்துக்குப் போக வேண்டும், போனால் திரும்ப ஏறி வர மனம் வருவதில்லை. ஊர்க்காரர் ஒருவர், தானே ஆறாம் வகுப்பு வரை படித்தவர், வாரத்தில் சில நாள் தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு ஊதியம் கிழங்கு. துணைச் சுகாதார நிலையமும் அப்படித்தான், சுவர் இருக்கிறது, மருந்து அலமாரி இருக்கிறது, செவிலியர் இல்லை.

2016 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு ஒரே விலை என்ற திட்டத்தை அன்றைய ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ இதே யாகுகிமோ மாவட்டத்தில்தான் தொடங்கிவைத்தார். நல்ல திட்டம். பெட்ரோலை மலை ஏற்ற முடியுமென்றால் ஒரு செவிலியரையும் ஏற்ற முடியும். அவருக்கு ஒழுங்கான வீடு, இரண்டு பேராகப் பணி, முறை வைத்து விடுப்பு. இவ்வளவு செய்தால் ஆள் நிற்பார். இந்த ஊருக்குப் பசி இல்லை, சோம்பல் இல்லை, அறிவுக் குறைவு இல்லை. பூட்டைத் திறக்க ஆள் இல்லை. தோட்டத்தையும் இந்தக் கதவுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தவனுக்குக் கோபம் வராமல் இருக்காது.

ஞாயிறு

தேவாலயம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில். பாட்டு மட்டும் ஒரு மணி நேரம்.

பிறகு சேர்ந்து சமையல். பன்றி அடிக்க வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டேன், அது ஒரு வீட்டின் சேமிப்பு. இரண்டு கோழி வாங்கிக் கொடுத்தோம். விறகை அடுக்கி, மேலே கல் அடுக்கி எரித்தார்கள். பக்கத்தில் குழி தோண்டிப் புல் பரப்பினார்கள். கவைபோல் பிளந்த நீளக் கழியால் பழுக்கக் காய்ந்த கல்லைக் கவ்வி ஓடிவந்து குழியில் போட, பெண்கள் அதன் மேல் ஈரக் கீரை, மறுபடி கல், கிழங்கு, மறுபடி கீரை, கோழி, கல் என்று அடுக்கினார்கள். புல்லை மடித்து மூடிக் கட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவியில் வெந்தது. பிரித்ததும் யாரும் பாயவில்லை. பெரியவர் ஒவ்வொருவருக்கும் பங்கு பிரித்தார், வராதவர்களுக்கும் இலையில் கட்டி வைத்தார். உப்பு மிகக் குறைவு, கிழங்குக்கு அது தேவையும் இல்லை.

அந்தப் பங்கில் ஒன்று அப்படியே திரும்பி வந்தது. பெரியம்மாவின் மகள் வீட்டில் நான்கு வயதுச் சிறுமிக்கு மூச்சு வாங்குகிறது. போய்ப் பார்த்தோம். விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுக்கிறது. வழிகாட்டி என்னிடம் திரும்பி, "அண்ணா, இது சளி இல்லை" என்றார். இருட்டில் அந்தப் பாதையில் இறங்க முடியாது என்று ஆண்கள் பேசி முடிவு செய்தார்கள். விடியும் முன் கிளம்புகிறோம்.

திங்கள், இறக்கம்

இரண்டு கழிகளுக்கு நடுவே போர்வை கட்டி ஒரு தூளி. நான்கு பேர் முறை மாற்றித் தூக்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் அம்மாக்காரி நிறுத்தச் சொல்லி, மகளை எடுத்து நோக்கனுக்குள் வைத்து நெற்றியில் மாட்டிக்கொண்டாள். செங்குத்தான இடத்தில் தூளி சாய்கிறது, பை முதுகோடு ஒட்டி நிற்கிறது. குழந்தையும் அவள் முதுகின் சூட்டில் அழுகையை நிறுத்தியது. அதன் பிறகு ஆண்கள் முன்னாலும் பின்னாலும் கை கொடுக்க, அவளே யெட்னி வரை சுமந்தாள். அக்கரையில் ஒரு வண்டி கிடைத்தது. மருத்துவமனையில் உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். நிமோனியா.

செவ்வாய், வாமெனா

சிறுமி இன்று காலை கண் திறந்து தண்ணீர் கேட்டிருக்கிறாள். இன்னும் சில நாள் ஊசி போட வேண்டுமாம். மருந்துக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் கூட இருப்பவருக்குச் சாப்பாடு கிடையாது, படுக்க இடம் கிடையாது. மலையில் எல்லாம் விளைவிக்கும் பெண், நகரத்துக்கு வந்த மறுநாள் காசு இல்லாதவளாகிறாள். வழிகாட்டியின் உறவினர் வீட்டிலிருந்து உணவு போகிறது, நாங்களும் எங்களால் ஆனதைக் கொடுத்தோம்.

இந்தப் பக்கம் வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிட்டாய் கொண்டுபோய் இறைக்காதீர்கள். ஊர்க்காரரையே வழிகாட்டியாகவும் சுமைகாரராகவும் வைத்து, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். நோக்கன் வாங்கினால் பின்னியவர் கையிலேயே காசைக் கொடுங்கள்.

மத்தியானம் விடைபெறப் போனபோது அம்மாக்காரி வழிகாட்டியிடம் ஊருக்குச் சொல்லியனுப்பச் செய்தி தந்தாள். மேல் வேலியில் ஒரு கம்பு ஆடுகிறது, யாராவது போய்க் கட்டுங்கள். ஆற்றுப் பக்கப் பாத்தியில் கிழங்கு முற்றிவிட்டது, அக்கா தோண்டிக்கொள்ளட்டும், பன்றிக்கும் அதிலிருந்தே போடட்டும். பெரிய பன்றி குட்டி போடும் நாள் நெருங்கிவிட்டது, தனியாகக் கட்டிவையுங்கள். வழிகாட்டி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார். நான்கு மணி வண்டியில் யெட்னிக்குப் போகும் ஒரு பையனிடம் அது வாய்மொழியாகவே போயிருக்கிறது.